உச்சரிப்புக்கு இருபத்தைந்து

டிசம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீசியன் இதோ வருகிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டார். அவருக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தபோது காரில் வந்து இறங்கியவர் சிவக்கொழுந்து. பனியன்களுக்கு லேபிள் அச்சடிக்கும் தொழில். எங்கள் திருப்பூர் பழைய இந்திப் பாடல் ரசிகர் வட்டத்தின் செயலாளர். ஆண்டுவிழாப் பாட்டுப் போட்டிக்கு நான் நடுவராக வர வேண்டுமாம்.

"ராகம், தாளமெல்லாம் கனகவல்லி டீச்சர் பாத்துக்குவாங்க. உச்சரிப்புக்குன்னு தனியா இருவத்தஞ்சு மார்க் வெச்சிருக்கறமுங்க. அதுக்கு உங்களை விட்டா இந்த ஊர்ல யாருங்க இருக்கறாங்க?"

நான் மறுக்கவில்லை. உண்மையை மறுப்பது போலி அடக்கம். முப்பத்திரண்டு வருடம் இந்தி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பள்ளியில் ஓய்வு கொடுத்த பிறகும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வீட்டில் பிள்ளைகள். என்னிடம் படித்துத் தேர்வில் தோற்றவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவனுக்கு அம்மை.

காபி கொண்டுவந்த என் மனைவி ருக்மணி, "பாட்டுப் போட்டியில உச்சரிப்பு எதுக்குங்க?" என்றாள். சிவக்கொழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சொல் தப்பா இருந்தா அது பாட்டில்ல, வெறும் சத்தம்" என்றேன்.

வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 4, ஞாயிறு

தகுதிச் சுற்று. கல்யாண மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் பாடினார்கள். நம்மவர்கள் பலருக்கு எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்றே தெரியவில்லை. இருந்தாலும் என் பழைய மாணவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நால்வருக்கும் இருபதுக்கு மேல் போட்டேன். என்னிடம் படித்தவர்கள் என்பதற்காக இல்லை. சரியாகச் சொன்னார்கள்.

இருபத்தேழாவதாக வந்தவள் பெயர் சுனைனா தேவி. பீகாரில் சீவான் பக்கம். நான்கு வருடமாக இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. சாயங்காலத்தில் வீடு திரும்புகிறவளைப் பற்றிய பழைய பாட்டு. முதல் வரி முடிந்ததும் கனகவல்லி டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குறுக்கே நடந்துகொண்டிருந்த சமையல்காரர் ஒருவர் அண்டாவோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் கையில் மயிர் சிலிர்த்தது. ஏசியை அதிகம் வைத்துவிட்டார்கள்.

ஆனால் 'ஷாம்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஸாம்'. நான்கு முறை. மாலைப் பொழுதே போய்விட்டது. மற்ற சொற்களிலும் 'ஷ' வரும் இடமெல்லாம் 'ஸ'. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். பதினாறு கோடு. இருபத்தைந்துக்கு ஒன்பது.

முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் இந்தியிலேயே விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "செரிங்க சார்" என்று தமிழில் சொன்னாள். நான் இந்தியில் கேட்ட எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பதில். வந்த ஊரின் மொழி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஜனவரி 5, திங்கள்

சிவக்கொழுந்து காலை ஏழு மணிக்கே போன் செய்தார்.

"ஏனுங்க, இந்திக்காரப் புள்ளைக்கே இந்தி வரலைன்னு ஒம்போது போட்டுட்டீங்களாமா? டீச்சர் அம்பதுக்கு நாப்பத்தொம்போது போட்டிருக்கறாங்க!"

"தமிழ்க்காரங்க எல்லாருமே 'பழம்'னுதான் சொல்றாங்களா? பாதிப்பேர் 'பளம்'ங்கறாங்க. தாய்மொழியா இருந்துட்டா தப்பு சரியாகிருமா?"

அவர் போனை வைத்துவிட்டார். நான் கேட்டதில் தப்பில்லை என்று இன்னும் நினைக்கிறேன். சுனைனா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள், எட்டுப் பேரில் எட்டாவதாக.

ஜனவரி 7, புதன்

மோட்டார் சரியாயிற்று. எலெக்ட்ரீசியன் அனுப்பிய ஆள் ஜார்க்கண்ட்காரர். என்ன பழுது என்று இந்தியில் விசாரித்தேன். "தமிழ்லயே சொல்லுங்க சார், புரியும்" என்றார். எல்லோருக்கும் தமிழ் மோகம்.

ஜனவரி 9, வெள்ளி

சிவக்கொழுந்து நேரில் வந்தார். இனிப்புப் பெட்டியோடு வந்ததுமே எனக்குச் சந்தேகம்தான். வட்டத்தின் வாட்ஸப் குழுவில் ஐந்து நாளாக இதே பேச்சாம். இறுதிச் சுற்றுக்கு உச்சரிப்பு நடுவராக வெளியாள் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். இங்கே புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் வங்கி மேலாளர், கான்பூர்க்காரர். பெயர் அவஸ்தி. சிவக்கொழுந்து கடைசி வரை 'அவஸ்தை சார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

"நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அன்னிக்கு மேடையில உங்களுக்குப் பொன்னாடை போத்தறம். இந்தியில ஒரு மூணு நிமிசம் பேசோணும்."

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தாய்மொழிக்காரர்கள் பொதுவாக இலக்கணத்தைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். இரவு சாப்பிடவில்லை. மதியம் தின்ற கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நடுவர் பொறுப்பு போய்விட்டதால் ஒரு வசதி. யாருக்கு வேண்டுமானாலும் பயிற்சி கொடுக்கலாம். அந்தக் கான்பூர்க்காரர் முன்னால் அப்பழுக்கில்லாத உச்சரிப்போடு ஒருத்தி நின்றால், இந்த ஊருக்கும் மொழி தெரியும் என்று புரியும். இது அந்தப் பெண்ணின் நன்மைக்காக.

அரை நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்குப் போனேன். சுனைனா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"மார்க் கம்மி போட்ட சார்தானுங்க நீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. ஊர் பேர் கேட்பது போலக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"எங்க ஊர்ல ஸ்கூல்ல, ஆகஸ்ட் பதினஞ்சுக்கு எல்லாரும் பாடுவாங்க சார். டீச்சர் எங்கிட்ட சொல்லும், நீ வாய் மட்டும் அசை, சத்தம் வேண்டாம், உன் பாசை கிராமத்துப் பாசைன்னு. அஞ்சு வருசம் நான் வாய் மட்டும் அசைச்சேன். இங்க வந்துதான் மைக்ல பாடுனேன். இங்கயும் நீங்க அதே சொன்னீங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஜெயிச்சா மெட்ராஸ்ல பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கூடப் பாடலாமாம். இந்தத் தடவை யாரும் தப்பு சொல்லக் கூடாது சார். நீங்க சொல்லிக் குடுங்க."

ஜனவரி 14, புதன்

முதல் வகுப்பு. 'ஷ' வருவதற்கு நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். கெட்டிக்காரி. அரை மணியில் பிடித்துக்கொண்டாள்.

இந்தியில் காற்றோடு சொல்லும் எழுத்துகள் தனி. நம் 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து, 'ப'வுக்கும் அப்படித்தான். அதில் சிலவற்றை வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே இவளுக்கும் காட்டினேன். அவளுடைய உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, வீட்டைக் குறிக்கும் 'கர்' என்ற சொல்லைச் சொன்னேன். காற்று கையில் படும். மூன்று முறை சொன்னேன். அவள் ஏனோ உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு அடுக்களையில் ருக்மணியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். ருக்மணிக்குத் தெரிந்தது மொத்தம் இருபது இந்தி வார்த்தை, அத்தனையும் காய்கறி. இருவரும் அப்படி என்னதான் பேசிச் சிரித்தார்களோ.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வகுப்பு இல்லை. சுனைனா வந்தாள். ருக்மணி கூப்பிட்டிருக்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று ஒரு சிறிய இடைஞ்சல். பாட்டில் 'கர்' என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தி, "சார், கர்-ங்களா, கர்-ங்களா?" என்று கேட்டாள்.

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது முறை சொன்னதில் அடித்தொண்டையிலிருந்து ஒரு முரட்டு மூச்சு வந்தது. கிராமத்துப் பழக்கம். முதலில் சொன்னதுதான் நான் சொல்வது போல மென்மையாக இருந்தது. அதுதான் சரி என்றேன்.

"நெசமாவா சார்? எங்க ஊர்ல எல்லாரும்..."

"உங்க ஊர் வழக்கத்தாலதானே ஒன்பது மார்க் வாங்கின? உன் காதை நம்பாதே. நான் எப்படிச் சொல்றேனோ அப்படியே சொல்லு."

சரி என்று தலையாட்டினாள். வெயிலுக்கான 'தூப்', அண்ணியைக் கூப்பிடும் 'பாபி' எல்லாவற்றையும் என்னைப் போலவே சொல்லப் பழகிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு மாணவி அமைந்ததில்லை.

ஜனவரி 22, வியாழன்

ருக்மணி ரசத்தைத் தாளித்துக்கொண்டே, "அந்தப் புள்ள முன்ன மாதிரி பாடறதில்லீங்க" என்றாள்.

"முன்ன எப்படிப் பாடினா? உனக்கென்ன தெரியும்?"

"பொங்கலன்னிக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினா. நான் கேட்டனுங்க. உங்க முன்னால பாடறப்ப பரீட்சை எழுதற மாதிரி இருக்கறா."

பரீட்சைதானே.

ஜனவரி 29, வியாழன்

மேடைப் பேச்சு தயார். மூன்று பக்கம். தலைப்பு: மொழித் தூய்மை. ருக்மணி வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். பல்வலி.

பிப்ரவரி 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. சுனைனா பாடுகிறாள் என்று பின்வரிசையில் பனியன் கம்பெனி ஆட்கள் நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள், பாதிப்பேர் வடக்கத்தியர். அவஸ்தி ஒல்லியானவர், மென்மையாகப் பேசுகிறவர். எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் முன்வரிசையில் ருக்மணியோடு உட்கார்ந்திருந்தேன்.

சுனைனா ஆறாவதாக வந்தாள். ருக்மணியின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். பாடத் தொடங்கினாள். ஒவ்வொரு 'ஷ'வும் முத்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வரியில் 'கர்' வந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடியே. பின்வரிசையில் யாரோ 'புஸ்' என்று சிரிப்பை அடக்கினார்கள். அடுத்த வரியில் 'தூப்'. சிரிப்பு பரவியது. குடித்துவிட்டு வந்திருப்பார்கள் என்று திரும்பி முறைத்தேன். சரணத்தில் அவள் குரல் நடுங்கிற்று. நிறுத்தாமல் பாடி முடித்தாள். கனகவல்லி டீச்சர், வைத்த இடத்தில் பொருளைக் காணாதவர் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவஸ்தி மைக்கை எடுத்து இந்தியில் கேட்டார்: "எந்த ஊரம்மா உனக்கு?"

"சீவான்."

"சீவான் பெண்ணா? உன் 'ஷ' எல்லாம் அழகு. எங்கள் ஊரிலேயே இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு என்கிறாய், வெயில் என்கிறாய், அண்ணி என்கிறாய், ஒன்றிலும் மூச்சே இல்லையே! அது பிறந்ததிலிருந்து உன்னிடம் இருந்திருக்குமே. யார் கற்றுக்கொடுத்தார்கள் இப்படி?"

மண்டபம் சிரித்தது. சுனைனா ஒரே ஒரு கணம் முன்வரிசையைப் பார்த்தாள்.

"யாரும் இல்லை சார். நாலு வருசமாக இங்கே இருக்கிறேன். இந்த ஊர்த் தண்ணீர்" என்றாள்.

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது, அவஸ்தியின் மேல். மைக் சரியில்லை, காற்றெல்லாம் மைக்கில் ஏறவில்லை, இதுகூடத் தெரியாமல் ஒரு நடுவரா என்று ருக்மணியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எட்டுப் பேரும் பாடியபின், மதிப்பெண் கூட்டும் நேரத்தில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நான் காகிதத்தை விரித்து, கனைத்துக்கொண்டு, எப்போதும் தொடங்குவது போலவே தொடங்கினேன்.

"பாயியோ ஔர் பஹனோ..."

சகோதரர்களே, சகோதரிகளே என்று அர்த்தம்.

எழுதிக்கொண்டிருந்த அவஸ்தி தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, மேடையோரம் நின்ற சுனைனாவைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "மாஸ்டர் மில் கயா!"

வாத்தியார் கிடைத்துவிட்டார். நூறு பேரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள்.

சுனைனா மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள், ஏதோ அவள் செய்த தப்பு வெளியே தெரிந்துவிட்டது போல. அவள் நின்ற விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சிரித்தவர்கள் யாரும் குடித்திருக்கவில்லை. மைக்கிலும் பழுதில்லை.

காகிதத்தில் அடுத்த வாக்கியம், மொழித் தூய்மை தாயின் தூய்மைக்கு ஒப்பானது என்பது. காகிதத்தை மடித்தேன். தமிழில் சொன்னேன்:

"இந்த ஊர்த் தண்ணி அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன். அவ சரியாத்தான் சொன்னா. மாத்திச் சொல்லுன்னு மூணு வாரமா நான்தான் உயிரை எடுத்தேன். இன்னொரு தடவை அவளைப் பாட விடுங்க, அவ இஷ்டப்படி."

பக்கத்திலிருந்தவர் இந்தியில் சொன்னதும் அவஸ்தி உடனே தலையாட்டினார். கனகவல்லி டீச்சர் எழுந்தே விட்டார். சிவக்கொழுந்துதான், "ரூல்ஸ்ல இல்லீங்களே" என்றார். மற்ற போட்டியாளர்களின் வீட்டார் சத்தம் போட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

முதல் பரிசு ஒரு பல் டாக்டருக்கு. சென்னைக்கு அவர் போகிறார். சுனைனா நான்காவது. அவஸ்தி அவளுக்குப் போட்டது பன்னிரண்டு. நான் போட்டதைவிட மூன்று அதிகம்.

புறப்படும்போது அவஸ்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் காதில் விழாதபடி ஒரு விஷயம் சொன்னார். சகோதரர்களே என்ற சொல்லில் மூச்சு இல்லாமல் போனால் அது 'வேலைக்காரிகளே' என்று ஆகிவிடுமாம். முப்பத்திரண்டு வருடமாக எத்தனை விழா, எத்தனை மேடை. சுதந்திர தினத்துக்கு ஒரு கர்னல் வந்திருந்தார்.

பொன்னாடையை மேடையிலேயே விட்டுவிட்டேன். ருக்மணி போய் எடுத்து வந்தாள்.

பிப்ரவரி 2, திங்கள்

வகுப்பு இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி 4, புதன்

வகுப்பு நடந்தது. பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரிடமும், காற்று எழுத்துகள் எனக்குச் சரியாக வராது, செல்போனில் கேட்டுப் பழகுங்கள் என்று சொன்னேன். "தெரியும் சார்" என்றது ஒரு பெண்.

சிவக்கொழுந்து போன் செய்தார். அடுத்த வருடத்திலிருந்து உச்சரிப்புக்கு மார்க்கே கிடையாது, தொந்தரவு விட்டது என்றார்.

"அது தப்பு" என்றேன். "இருக்கணும். தெரிஞ்சவங்க போடணும்."

"நீங்களாங்க இப்படிச் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

பிப்ரவரி 8, ஞாயிறு

ருக்மணி சுனைனாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வந்தவள் புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு வெளியே எங்காவது போய்விடலாம் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டு பாடினாள். அதே பாட்டு. இறுதிச் சுற்றில் பாடியது போல அல்ல, ஜனவரி நாலாம் தேதி பாடியது போல. கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பாட்டு முடிந்தபின் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்று தமிழில் சொன்னேன். மற்ற மொழியில் சொல்லத் துணிவில்லை.

"ஐயோ சார்."

"நான் சொன்னது தப்புன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"பின்னே ஏன் சொல்லல?"

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எங்க கம்பெனில செக்கிங் ஆளு பீஸ் ரிஜெக்ட் பண்ணுனா, அவரு சொல்ற மாதிரி பிரிச்சுத் திரும்பித் தைக்கணும் சார். நான் தைச்சது கரெக்ட்னு சொல்ல முடியாது. நீங்க மார்க் போட்ட ஆளு. நான் நினைச்சேன், போட்டி இந்தி வேற போல, வீட்டு இந்தி வேற போல."

ருக்மணி அடுப்பைச் சிறியதாக வைத்தாள்.

"ஆனா 'ஸாம்' தப்புதான்" என்றேன். வாய் நிற்கவில்லை.

சுனைனா சிரித்துவிட்டாள். "தெரியும் சார். அது நீங்க சொன்னது கரெக்ட். அவஸ்தி சாரும் சொன்னாரு. போட்டின்னா 'ஷாம்'. வெங்காயம் உரிச்சா 'ஸாம்'."

"அடுத்த வருசம் பாடுவியா?"

"பாடுவேன். நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்."

நியாயம்தான். பிறகு, அறுபத்தொரு வயதில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"நான் பேசற இந்தியில எதெல்லாம் தப்பு? ஒவ்வொண்ணாச் சொல்லு."

சுனைனா ருக்மணியைப் பார்த்தாள். ருக்மணி அவசரமாக அப்பளம் பொரிக்கத் திரும்பிக்கொண்டாள். சுனைனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆரம்பிக்கலாம் சார். ஆனா இன்னிக்கு ஒரு நாள்ல முடியாது."